அமினிஷிகி ஓய்வு: ஒரு கோப்பையும் வாங்காத மல்லருக்கு இத்தனை கண்ணீர் எதற்கு?

16 ஜூலை 2019 (ஒரு வாசகரின் கேள்வி)

சுமோவில் அமினிஷிகி என்பவர் ஓய்வு அறிவித்ததாகச் செய்தி. வயது 40. கடைசியாக இருந்தது இரண்டாம் பிரிவின் அடிப்பக்கம். 22 வருடம் ஆடியும் முதல் பிரிவில் ஒரு கோப்பை கிடையாது. ஆனால் ட்விட்டரைத் திறந்தால் ஒரே ஒப்பாரி. இங்கே சுமோ பார்க்கிறவர்கள் யாராவது விளக்குங்கள். இவர் மூன்று வருடம் முன்பே போயிருக்க வேண்டியவர் இல்லையா? இடத்தை விட மனமில்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தவருக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

16 ஜூலை 2019, இரவு 11.20

மூன்று வருடம் முன்பு, இவர் காலில் அடிபட்டுக் கிடந்தபோது, இதே இடத்தில் "போதும் ஐயா, வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுங்கள்" என்று எழுதியவன் நான்தான். தேடினால் கிடைக்கும். அதனால் தம்பியின் கேள்விமேல் கோபப்பட எனக்கு உரிமை இல்லை. விரிவாக நாளை. இன்று மனசு சரியில்லை.

17 ஜூலை 2019, காலை

ரயிலில் எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

"இரண்டாம் பிரிவின் அடிப்பக்கம்" என்று தம்பி போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். விஷயமே அங்கேதான் இருக்கிறது. சுமோவில் அறுநூற்றுச் சொச்சம் பேர் இருக்கிறார்கள். சம்பளம் வாங்குபவர்கள் 70 பேர்தான். மேலே மகுவுச்சியில் 42, அதற்குக் கீழே ஜூரியோவில் 28. ஜூரியோவின் கடைசிப் படிவரைக்கும் மாதம் 11 லட்சம் யென் வருகிறது. ஒரு படி சறுக்கி மகுஷிதாவில் விழுந்தால் சம்பளம் சுத்தமாகப் பூஜ்யம், ஒவ்வொரு போட்டித் தொடருக்கும் கைச்செலவுக்கு ஏதோ கொடுப்பார்கள், அவ்வளவுதான். பணம் மட்டும் போவதில்லை. அதுவரை மூட்டை தூக்கி, முதுகு தேய்த்துவிட்ட எடுபிடிப் பையன்கள் போய்விடுவார்கள். மேடையேற்றத்துக்குக் கட்டும் சரிகை முன்றானை போகும். இடுப்பில் கட்டும் பட்டு மாவாஷிக்குப் பதில் பருத்தி. நாற்பது வயதில் பதினெட்டு வயதுப் பையன்களோடு பொதுக்கூடத்தில் படுக்க வேண்டியதுதான்.

அமினிஷிகி இந்த நகோயா தொடருக்கு வந்தபோது ஜூரியோவில் 11ஆம் படி. இரண்டாம் நாள் ரியூகோ என்ற பையனுடன் மோதியதில் வலது முழங்கால் போனது. மீதி நாட்கள் இறங்கவில்லை என்றால் அடுத்த பட்டியலில் மகுஷிதா நிச்சயம். அதனால் முடித்துக்கொண்டார்.

இன்னொன்று. இவர் 1997 ஜனவரியில் சுமோவில் சேர்ந்தார். அந்த ரியூகோ பிறந்தது 1998இல்.

17 ஜூலை 2019, மதியம்

சாப்பாட்டு நேரம். காலையில் பாதியில் இறங்க வேண்டியதாகிவிட்டது.

ஒட்டிக்கொண்டிருந்தார் என்கிறீர்கள். 2000 ஜனவரியில் ஜூரியோவுக்கு வந்தவர், அன்றிலிருந்து ஒரு தொடர்கூட அந்த 70 பேர் வட்டத்துக்கு வெளியே விழவில்லை. 117 தொடர்கள். கையோ என்ற மாபெரும் ஓசெக்கியின் (சுமோவில் இரண்டாவது உயர்ந்த பதவி அது) சாதனையும் இதே 117தான். இன்னும் ஒரே ஒரு தொடர் தாக்குப்பிடித்திருந்தால் தனியாக முதலிடம். அதற்காகவாவது நொண்டிக்கொண்டு இறங்குவார் என்று நினைத்தேன். இறங்கவில்லை.

வெற்றி மட்டும் 900க்கு மேல். தோல்வியும் கிட்டத்தட்ட அதே அளவு. இதைப் படித்துவிட்டு "அப்போ சராசரி ஆள்தானே" என்று ஒருவர் கீழே போட்டிருக்கிறார். ஐயா, சுமோவின் பட்டியல் வேலை செய்வதே அப்படித்தான். 15 நாளில் 8 ஜெயித்தால் மேலே ஏற்றி உன்னைவிடப் பெரிய ஆளோடு விடுவார்கள், 7 என்றால் கீழே. இப்படிப் பாதிக்குப் பாதியாக இருபது வருடம் ஓட்டினார் என்றால், அவர் தகுதிக்குச் சரியான உயரத்திலேயே இருபது வருடம் நின்றார் என்று பொருள். அந்த உயரம் என்ன தெரியுமா? செக்கிவாக்கே வரைக்கும் போனவர், மேலே இருப்பது ஓசெக்கியும் உச்சப் பதவியான யோகோசுனாவும்தான். சிறப்புப் பரிசு 12. சாதாரணப் படியில் இருந்துகொண்டு யோகோசுனாவைச் சாய்த்தால் கிடைக்கும் கின்போஷி, அதாவது தங்க நட்சத்திரம், 8. அதில் ஒன்று தக்கனோஹானாவிடம் 2003 ஜனவரி ஏழாம் நாள் வாங்கியது. தக்கனோஹானா ஆடிய கடைசிப் போட்டியே அதுதான். மறுநாள் அந்த மகா யோகோசுனா ஓய்வு அறிவித்தார்.

17 ஜூலை 2019, மாலை

திருத்தம். ஏழாம் நாள் இல்லை, எட்டாம் நாள். சுட்டிக்காட்டிய அம்மாவுக்கு நன்றி. பதினாறு வருடமாகத் தப்பாகவே சொல்லித் திரிந்திருக்கிறேன். போன மாதம்கூட அலுவலகத்தில் ஒரு ஜப்பான்காரரிடம் அடித்துவிட்டேன், அவர் மரியாதைக்குத் தலையாட்டியிருக்கிறார்.

18 ஜூலை 2019, இரவு

என் புலம்பலைக் கொட்டாமல் இந்த இழை முடியாது.

ஐந்து வருடமாக நகோயாவில் இருக்கிறேன். வருடத்தில் ஆறு தொடர், அதில் ஜூலையில் வருவது மட்டும் எங்கள் ஊருக்கு. நகோயாக் கோட்டை அகழிக்குள்ளே இருக்கும் அந்தப் பழைய உடற்பயிற்சி மண்டபம். வெளியே பேர் எழுதின வண்ணக் கொடிகள், உள்ளே விசிறி விசிறி ஓய்ந்த கைகள். ஜூலை மாத நகோயா வெயிலைச் சென்னைக்காரனான நானே குறை சொல்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

8ஆம் தேதி திங்கட்கிழமை அரை நாள் விடுப்பு போட்டேன். அமினிஷிகிக்காகவே போட்டது. பெரிய தலைகளெல்லாம் ஐந்தரைக்கு மேல்தான் வருவார்கள், ஆனால் ஜூரியோ ஆட்டங்கள் இரண்டரை வாக்கிலேயே தொடங்கிவிடும், அதிலும் கீழ்ப்படிக்காரர்கள் முதலில். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் பன்னிரண்டரைக்கே கிளம்ப இருந்தேன். அப்போது பார்த்து ஒரு "சின்ன சந்தேகம்" என்று மேலாளர் வந்தார். சின்ன சந்தேகம் முக்கால் மணி நேரம். அப்புறம் டிக்கெட் கவுண்டர் வரிசை. அப்புறம் தண்ணீர் பாட்டில் வாங்க நின்றேன், அது என் தப்பு.

மூன்றாவது மாடிக்குப் படியேறும்போது மேலிருந்து ஒரு "ஆ" கேட்டது. கைதட்டல் இல்லை. ஒரு மண்டபமே மூச்சை இழுத்துவிடும் சத்தம். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும்போது மண்மேடையில் அடுத்த இருவர் உப்பு வீசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து இருக்கைப் பாட்டியிடம் அமினிஷிகி என்ன ஆனார் என்று கேட்டேன். அவர் தன் வலது முழங்காலைக் கையால் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டி, தலையை ஆட்டினார்.

கடைசி ஆட்டம் அதுதான் என்று அன்று எங்களுக்குத் தெரியாது. பாட்டி எனக்கு ஒரு அரிசி முறுக்கு கொடுத்தார். ஆறு மணி வரை உட்கார்ந்திருந்தேன், யார் ஜெயித்தார்கள் என்று ஒன்றும் நினைவில்லை.

19 ஜூலை 2019

"முழங்கால் கட்டு போடுவது விதிமீறல் இல்லையா" என்று ஒரு கேள்வி. இல்லை. பாதிப்பேர் கட்டுப் போட்டுத்தான் வருகிறார்கள். மண்மேடை தரையிலிருந்து கிட்டத்தட்ட அறுபது செண்டிமீட்டர் உயரம், சுற்றிலும் மெத்தை கிடையாது, நூற்றைம்பது கிலோ ஆள் பின்பக்கமாக விழுந்தால் எந்த முழங்கால் தாங்கும்? ஆனால் அமினிஷிகி கட்டு வேறு ரகம். தொடையிலிருந்து கெண்டைக்கால் வரை இரண்டு காலிலும், சாமான் மூட்டை கட்டினாற்போல. தசைநார் அறுந்த முழங்காலை வைத்துக்கொண்டே வருடக்கணக்கில் ஆடியவர்.

போன வருடம் இதே ஜூலையில் மல்லர்கள் உள்ளே வரும் வாசலில் காத்திருந்து பார்த்தேன். எல்லாரும் யுகாத்தா என்ற பருத்தி அங்கியில் விசுக்விசுக்கென்று போகிறார்கள். இவர் மட்டும் மூன்றே மூன்று படியைப் பக்கவாட்டில் இறங்கினார், கைப்பிடியைத் தொடாமல், ஆனால் கை கைப்பிடிக்கு ஒரு சாண் மேலேயே கூட வந்தது. என் தாத்தா கோயில் குளத்தில் அப்படித்தான் இறங்குவார். இரண்டு மணி நேரம் கழித்து அதே மனிதர் மண்மேடையில் ஒரு இருபத்தைந்து வயதுக்காரனைப் பக்கத்தில் ஒதுங்கி, கழுத்தைத் தட்டி, குப்புறப் போட்டார்.

20 ஜூலை 2019

அந்த "ஒதுங்கித் தட்டுவது" பற்றி. ஒரு நண்பர் கோழைத்தனம் என்கிறார். சில மல்லர்கள் செய்தால் மண்டபம் முனகும், உண்மை. இவர் செய்தால் சிரிப்பார்கள். எதிராளிக்கும் தெரியும், நடுவருக்கும் தெரியும், மூன்றாவது மாடியில் இருக்கும் எனக்கும் தெரியும், இந்தக் கிழவர் எதையோ செய்யப் போகிறார் என்று. தெரிந்தும் விழுகிறார்கள். அங்கீகரித்த வெற்றி முறைகள் 82 இருக்கின்றன. பெரும்பாலான மல்லர்கள் தள்ளுவது, இடுப்பைப் பிடித்து நடத்துவது என்று நாலைந்தை வைத்தே காலம் தள்ளிவிடுவார்கள். இவர் சமையல்கட்டில் எல்லா டப்பாவையும் திறந்து பார்க்கிற ரகம். ஜப்பானில் இவரைக் குசேமோனோ என்பார்கள். நம்ம ஊரில் "வில்லங்கமான ஆளு" என்று பாதி எரிச்சல், பாதி பாசத்தோடு சொல்வோமே, அது.

21 ஜூலை 2019

தொடர் முடிந்தது. கக்குரியூ 14–1இல் கோப்பை. யாராவது ஒருவர் தனி இழை தொடங்குங்கள், இங்கே வேண்டாம்.

22 ஜூலை 2019

"பணம்தான் காரணம், சும்மா கண்ணீர் விடாதீர்கள்" என்று ஒருவர். சரி, பணம் பேசுவோம். ஒவ்வொரு கின்போஷிக்கும் தொடருக்கு 40,000 யென், அந்த 70 பேர் வட்டத்தில் இருக்கும்வரை வந்துகொண்டே இருக்கும். இவருக்கு எட்டு, அப்படியானால் தொடருக்கு 3,20,000, வருடத்துக்கு ஆறு தடவை. 2003இல் தக்கனோஹானாவைச் சாய்த்த ஒரு மாலைக்கு 2019வரை கூலி! இதற்காகவும் ஒருவர் தாக்குப்பிடித்திருக்கலாம். பிடித்தால் என்ன தப்பு? மூன்று வேளை சாப்பிடும் குழந்தைகள் இருக்கிற வீடு. நம்மில் யார் பதவி உயர்வை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்?

ஓய்வுக்குப் பிறகும் சுமோ சங்கத்தில் இருக்க வேண்டும் என்றால் மூத்தோர் பெயர் ஒன்று கையில் வேண்டும். மொத்தம் 105தான் உண்டு. ஜப்பானியக் குடியுரிமையும் கட்டாயம். இருந்தால் 65 வயது வரை வேலை. இவரிடம் அஜிகவா என்ற பெயர் இருக்கிறது. அந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு, இவர் 1997இல் சேர்ந்த பயிற்சிக்கூடத்தின் பெயரே அஜிகவாதான். நடத்தியவர் முன்னாள் யோகோசுனா அசாஹிஃபூஜி, இவருக்குச் சொந்தக்காரரும்கூட. 2007இல்தான் அது இசேகஹாமா என்று மாறியது.

5 அக்டோபர் 2019

இழை செத்துவிட்டது என்று நினைத்தேன், செல்லப்பெயர் பஞ்சாயத்து எழுப்பிவிட்டது. வெளிநாட்டு ரசிகர்கள் இவரை "அங்கிள் சுமோ" என்பார்கள். தமிழில் மாமாவா, சித்தப்பாவா, பெரியப்பாவா? மாமா என்றால் நம்ம ஊரில் அர்த்தம் எங்கெங்கோ போய்விடும் என்று ஒருவர் எச்சரித்திருக்கிறார். என் வாக்கு சித்தப்பாவுக்கு. பெரியப்பாவுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. சித்தப்பாதான் கல்யாண வீட்டில் சீட்டாட்டத்தில் நம்மை ஏமாற்றி ஐம்பது ரூபாய் பிடுங்கிவிட்டு, கிளம்பும்போது நூறு ரூபாய் கையில் திணிப்பார்.

29 நவம்பர் 2019

இன்று சரியாக இரண்டு வருடம், ஹருமாஃபூஜி ஓய்வு அறிவித்து. தேதியைப் பார்த்ததும் அந்த ஃபுக்குவோக்கா தொடர் ஞாபகம் வந்துவிட்டது. 2017 நவம்பர். இசேகஹாமா கூடத்துக்கே இடி விழுந்த மாதம். கூடத்தின் யோகோசுனா ஹருமாஃபூஜி மதுக்கடையில் சக மல்லர் ஒருவரை அடித்த விவகாரம் வெளியே வந்து, தொடர் முழுக்க வாசலில் நிருபர்கள். தொலைக்காட்சியில் சுமோவை விட அதுதான் ஓடியது.

அந்தத் தொடரில்தான் அமினிஷிகி, 39 வயதில், மேல் பிரிவுக்குத் திரும்பி வந்திருந்தார். போருக்குப் பிந்தைய சுமோவில் அந்த வயதில் யாரும் அப்படித் திரும்பியதில்லை. கடைசி நாள் வரும்போது ஏழுக்கு ஏழு. சியோஷோமாவை மேல்பிடியில் இழுத்து வீசினார். எட்டு. போராட்டக் குணத்துக்கான பரிசும் கிடைத்தது. பேட்டி எடுக்க ஒலிவாங்கியை நீட்டினார்கள், பேச ஆரம்பித்தவருக்குத் தொண்டை அடைத்தது. கண்ணைத் துடைக்கிறார், மறுபடி ஆரம்பிக்கிறார், மறுபடி நிற்கிறது. பத்து நாளாகக் கூடத்தில் எல்லாரும் தலைகுனிந்து போய்வந்துகொண்டிருந்த நேரம். அந்த எட்டாவது வெற்றி ஒருவருக்கானது மட்டும் இல்லை என்று எனக்கு அப்போது தோன்றியது. இது நானாகச் சேர்த்துக்கொண்டதாகவும் இருக்கலாம்.

தம்பி, 2016இலேயே போயிருந்தால் இது இருந்திருக்காது. ஆனால் நீங்களும் நானும் அப்போது சொன்னது முட்டாள்தனம் என்று இதை வைத்து நிரூபிக்க முடியாது என்றும் தெரியும். திரும்பி வராமல் காலை இழந்தவர்களைப் பற்றி யாரும் இழை தொடங்குவதில்லையே.

14 மார்ச் 2021

நீண்ட நாள். என் சொந்தக் கதைக்கு மன்னிக்கவும், தலைப்போடு சம்பந்தம் உண்டு.

ஜனவரியில் பூப்பந்து ஆடும்போது இடது குதிகால் தசைநார் அறுந்துவிட்டது. அக்கிலிஸ். பின்னாலிருந்து யாரோ உதைத்துவிட்டார்கள் என்றே நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. 2016 மே மாதம் இரண்டாம் நாள் அமினிஷிகிக்குப் போனதும் இதே இடது கால், இதே தசைநார்.

எனக்கு வயது 38. உட்கார்ந்து செய்கிற வேலை. இரண்டு மாதமாகக் கழிப்பறைக்குப் போவதே ஒரு பயணம். நேற்று முதல்முறையாக ஒரு படி இறங்கினேன். பக்கவாட்டில், கையைக் கைப்பிடிக்கு மேலேயே வைத்துக்கொண்டு. பாதியில் நின்று சிரித்துவிட்டேன், மனைவி பயந்துவிட்டாள்.

அவர் அந்த வருடம் முடிவதற்குள் மண்மேடைக்குத் திரும்பிவிட்டார். மருத்துவரிடம் இதைச் சொன்னேன். அவர் சுமோ பார்ப்பவர். கட்டைப் பார்த்துக்கொண்டே "நீங்கள் முயற்சி செய்ய வேண்டாம்" என்றார்.

2016இல் "போய்ப் படுங்கள்" என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அவர் திரும்பி வந்து ஜெயித்ததால் இல்லை. படுத்துப் பார்த்துவிட்டேன், அதனால்.

1 அக்டோபர் 2021

யோகோசுனா ஹக்குஹோவும் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். 45 கோப்பை, 1187 வெற்றி. "இதற்கல்லவா அழ வேண்டும்" என்று இரண்டு வருடம் முந்தைய கேள்வியைத் தம்பி தோண்டி எடுத்திருக்கிறார். எனக்கு அழுகை வரவில்லை. மலை அங்கேயேதான் நிற்கப் போகிறது, நாம் அண்ணாந்து பார்ப்பதைத்தான் நிறுத்துகிறோம். அமினிஷிகி போனபோது தெருமுனை டீக்கடை மூடியது போல இருந்தது. நல்ல டீ என்றுகூடச் சொல்ல முடியாது, ஆனால் தினமும் இரண்டேமுக்கால் மணிக்கு அங்கே நிற்போம்.

எழுதி முடித்ததும் உவமை கொஞ்சம் அநியாயமாகப் படுகிறது. டீ நல்ல டீதான்.

30 ஜனவரி 2022

முதுமை பற்றிப் பேசுகிறவர்கள் ஹனகாசே என்ற பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். 1986இல் சேர்ந்தவர், இந்த மாதம் 51 வயதில் ஓய்வு. வாழ்நாளில் ஒரு முறைகூட அந்த 70 பேர் வட்டத்துக்குள் வந்ததில்லை. ஒரு மாதச் சம்பளம்கூட வாங்கியதில்லை. என் "டீக்கடை" எல்லாம் இவர் முன்னால் ஆடம்பரம். இவரைப் பற்றி இரண்டு வரிகூட எழுதத் தெரியவில்லை எனக்கு, ஏனென்றால் காலை ஒன்பது மணிக்கு நடக்கும் அவர் ஆட்டத்தை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

31 மே 2022

ஒருவழியாக முடிந்தது. கொரோனா வந்து தள்ளித் தள்ளிப் போய், ஓய்வு அறிவித்துக் கிட்டத்தட்ட மூன்று வருடம் கழித்து அமினிஷிகிக்குத் தோக்கியோ ரியோகோக்கு அரங்கத்தில் குடுமி வெட்டும் சடங்கு. நான் போகவில்லை, துண்டு துண்டாகக் காணொளி பார்த்தேன்.

தெரியாதவர்களுக்கு: மண்மேடை நடுவில் நாற்காலி போட்டு மல்லரை உட்கார வைப்பார்கள். ஒருவர் பின் ஒருவராக ஏறி, தங்க முலாம் பூசிய கத்தரிக்கோலால் குடுமியில் ஒரே ஒரு இழையை நறுக்கிவிட்டு இறங்குவார்கள். ஆதரவாளர்கள், பழைய எதிராளிகள், நண்பர்கள் என்று வரிசை நீளும். பெண்களுக்கு மேடையேற அனுமதி இல்லை, மனைவி மகள்கள் கீழேதான். இதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, இங்கே ஆரம்பித்தால் சண்டையில் முடியும். கடைசி வெட்டு குருவுடையது. குடுமி கையோடு வந்துவிடும்.

மூன்று வருடமாகக் கோட்டும் குடுமியுமாக அவர் திரிந்ததை நினைத்தால் வேடிக்கைதான். நம்ம ஊரில் பணி ஓய்வு பெற்று மூன்று வருடம் கழித்துப் பிரிவு உபசார விழா வைத்தால் அழைப்பிதழை நம்புவார்களா?

4 டிசம்பர் 2022

அஜிகவா கூடம் திறந்தாயிற்று. 2007இல் காணாமல் போன பெயர்ப்பலகை மறுபடி மேலே. அதே பெயரில் பையனாகச் சேர்ந்தவர் இப்போது வாத்தியார். வில்லங்கம் பிடித்தவரிடம் படிக்கிற பிள்ளைகள் எப்படி வருவார்கள் என்று பார்க்க ஆசை.

27 ஜூலை 2025

நகோயா தொடர் புது அரங்கத்துக்கு மாறிவிட்டது. குளிர்சாதனம் அபாரம். விசிறிக்கு வேலை இல்லை. கோட்டைக்குள் இருந்த பழைய மண்டபத்தின் மூன்றாவது மாடிப் படிக்கட்டை ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று இருக்கிறேன், சும்மா.

பிள்ளைகள் எப்படி வருகிறார்கள் என்று கேட்டேன் அல்லவா? அஓனிஷிகி. உக்ரைனில் வின்னித்சியா ஊர்ப் பையன். போர் தொடங்கியதும் 2022இல் ஜப்பானுக்கு வந்து, 2023இல் அஜிகவா கூடத்திலிருந்து மண்மேடை ஏறியவன். இந்த மார்ச்சில்தான் மேல் பிரிவுக்கு வந்தான், இந்தத் தொடரிலேயே யோகோசுனா ஹோஷோரியூவைச் சாய்த்துக் கின்போஷி. தலையைத் தரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எதிராளியின் தொடையை உள்பக்கமாகத் தட்டித் திருப்பும் உச்சிமுசோ என்ற வித்தையை வைத்துக் குப்புறப் போடுகிறான். அது யார் வீட்டுச் சமையல் என்று வாசனையிலேயே தெரிகிறது.

பெயரைப் பாருங்கள். அமினிஷிகி என்பதை மூன்று எழுத்தில் எழுதுவார்கள், நடு எழுத்துக்கு அழகு என்று பொருள், கடைசி எழுத்து சரிகைப் பட்டு. சீடனுக்கு முதலும் கடைசியும் அப்படியே, நடு எழுத்து மட்டும் நீலம்.

24 நவம்பர் 2025

நேற்று ஃபுக்குவோக்காவில் பையன் கோப்பை வாங்கிவிட்டான். 12–3, அதற்குமேல் ஹோஷோரியூவுடன் தனி ஆட்டம், அதிலும் ஜெயம். வயது 21. வாத்தியார் கண்ணீர் விட்ட அதே ஊர், அதே நவம்பர்.

கேள்வி கேட்ட தம்பி இப்போது தினமும் சுமோ பார்க்கிறாராம். "மூன்று வருடம் முன்பே போயிருக்கலாம் என்று நான் சொன்னதை அழிக்க முடியுமா" என்று தனிச்செய்தி. அழிக்க வேண்டாம், இருக்கட்டும். என்னுடையதும் அங்கேதான் இருக்கிறது.

27 நவம்பர் 2025

ஓசெக்கிப் பதவியைச் சொல்ல சங்கத்திலிருந்து தூதர்கள் வந்த காணொளி பார்த்தேன். நடுவில் பையன், ஒரு பக்கம் வாத்தியார், இன்னொரு பக்கம் வாத்தியாரின் மனைவி. மூவரும் மண்டியிட்டு, நெற்றி தரைக்கு அருகே வரக் குனிகிறார்கள். எல்லாரும் பையனைப் பார்த்திருப்பார்கள். நான் வாத்தியாரின் வலது முழங்காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அது எப்படி மடங்கியது என்று. எழுந்திருப்பதையும் பார்த்துவிடலாம் என்று காத்திருந்தேன். அதற்குள் செய்தி வாசிப்பவர் வந்துவிட்டார்.